ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

அந்த மீட்டர் கைக்கு வந்த வாரம் வீட்டில் நான் அதை முக்கிப் பார்க்காத தண்ணீர் இல்லை. கேன் தண்ணீர், குழாய்த் தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர். ரசத்தில் முக்கப் போனபோது வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டதால் விட்டேன். பேனா அளவுதான் இருக்கும். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதை எண்ணாகக் காட்டும். எதிலும் மூக்கை நுழைக்கும் புத்தி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அதற்கு ஒரு கருவியும் கிடைத்தால் கேட்க வேண்டுமா?

ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். எங்கள் லைனில் மூன்று பெண்கள் சேர்ந்து, பாலாற்றில் போய்ச் சேரும் ஓர் ஓடையை ஞாயிற்றுக்கிழமை தோறும் அளந்து எழுத ஆரம்பித்தோம். மீட்டரும் நோட்டும் ஒரு தன்னார்வக் குழு கொடுத்தது. பாட்டிலை ஓடைத் தண்ணீரிலேயே மூன்று முறை அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும், நிறத்தையும் வாடையையும் எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒன்றையும் விடவில்லை. வாடை என்ற கட்டத்தில் வாராவாரம் 'இல்லை' என்று எழுதினோம். எண்ணும் மூன்று இலக்கத்தைத் தாண்டவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் சப்பென்றுகூட இருந்தது.

ஓடைக்கரையில் ஒருத்தி கீரை போடுகிறாள். என் வயதுதான் இருக்கும். மோட்டார் வைத்து ஓடைத் தண்ணீரைத்தான் பாய்ச்சுவாள். முளைத்த கொஞ்ச நாளிலேயே அவள் பாத்திகளில் கீரை நுனி கருகிக்கொண்டிருந்தது. "தண்ணிதான் காரணமான்னு பாத்து சொல்லுக்கா" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டாள். அங்கேயே மீட்டரை முக்கி அவளிடம் காட்டினேன். "தண்ணி நல்லாத்தான் இருக்கு. விதைய மாத்திப் பாரு" என்றேன், ஏதோ பெரிய டாக்டர் மாதிரி. இப்போது நினைத்தாலும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

விதையை மாற்றினாள். அதுவும் கருகியது. தண்ணீரும் இல்லை, விதையும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது விதைக்கிறவள்தானே? அவளுக்குக் கை ராசி இல்லை என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். களை எடுக்கலாம், தண்ணீர் பாய்ச்சலாம், விதையை மட்டும் தொடக்கூடாது.

"வர்ற வெள்ளிக்கிழம ஓரகத்திதான் தூவப் போறா. எங்க அத்த சொல்லிடுச்சு" என்று இன்னொரு ஞாயிற்றுக்கிழமை சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை. எனக்குக் கேட்கவே கஷ்டமாக இருந்தது.

"உனக்கு இன்னா தோணுது?" என்று கேட்டேன்.

"இன்னா சொல்றது? நீங்க வர்ற அன்னிக்கு மட்டும் வாடையே இருக்கறதில்ல."

"அப்ப மத்த நாள்ல?"

"புதன், வியாழன்ல ஜாஸ்தி. மூக்கப் பொத்திக்கினுதான் பாய்ச்சுவேன்."

"இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"மிசினே நல்லாருக்குன்னு சொல்லுது. நான் இன்னா சொல்றதுன்னு இருந்துட்டேன்."

நோட்டைப் புரட்டினேன்; எல்லாப் பக்கத்திலும் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு லீவு. சுற்றுவட்டாரத்தில் உப்புத் தோலைக் கழுவிப் பதனிடும் இடங்களுக்கும் லீவு. நாங்கள் லீவில் வந்து, லீவில் இருந்த ஓடையை அளந்துவிட்டுப் போயிருக்கிறோம். தோல் வேலையில் சோறு தின்கிற மூன்று பேரில் ஒருத்திக்கும் இது தோன்றவில்லை.

புதன்கிழமை கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே வாடை அடித்தது. பாட்டிலை மூன்று முறை அலசி, தண்ணீர் பிடித்து, மீட்டரை முக்கினேன். எண் ஏறிக்கொண்டே போய் நான்கு இலக்கத்தில் நின்றது. நம்பாமல் துடைத்துவிட்டு மறுபடி முக்கினேன். அதேதான். எங்கிருந்து வந்தது என்று மீட்டர் சொல்லாது, எனக்கும் தெரியாது. நோட்டில் முதல் தடவையாகப் 'புதன்' என்று எழுதினேன்.

மம்மட்டியும் கையுமாக அவள் வந்தாள். திரையைக் காட்டினேன்.

"இது ஜாஸ்தியாக்கா?"

"ரொம்ப ஜாஸ்தி. நான்தான் தப்பா சொல்லிட்டேன். மன்னிச்சுடு."

இனி எதைப் பாய்ச்சுவது, யாரிடம் மனு கொடுப்பது என்றெல்லாம் கேட்பாள் என்று பதில் யோசித்து வைத்திருந்தேன். அவள் மம்மட்டியைக் கீழே போட்டாள். சேறு படிந்த உள்ளங்கையைப் புடவையில் துடைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எங்க அத்தைகிட்ட வந்து சொல்லுக்கா. என் கை இல்லன்னு சொல்லு."

மீட்டரையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு அவளோடு நடந்தேன். வீடு வரைக்கும் அவள் பிடியை விடவில்லை.