ஜெரால்டிடம் நான் விசாரித்த நலம்

புதிதாக, டெஸ்டுக்கு வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை.

மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு ஹெச்ஐவி பரிசோதனை மையத்தில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தேன். வருகிறவர்களிடம் முதலில் ராப்போ பண்ண வேண்டும், அதாவது நாலு வார்த்தை சகஜமாகப் பேசிப் பயத்தைப் போக்க வேண்டும் என்பது டிரெய்னிங். அதில் நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள்.

ஒரு நாள் ஜெரால்டு வந்தான். பெயரை மாற்றியிருக்கிறேன். மந்தைவெளிப் பையன், எங்கள் மாதா கோயில் பாடற்குழுவில் கீபோர்டு வாசிப்பவன். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். நான் ராப்போ பண்ணினேன்.

"வாப்பா, அம்மா நல்லா இருக்காங்களா?"

அவன் அம்மாவும் நானும் ஒரே செபமாலைக் குழு.

உட்கார்ந்தான். ஃபாரத்தில் உள்ள கேள்விகளைக் கேட்டேன். ஒரு பெண்ணோடு பழக்கம் என்று தரையைப் பார்த்துச் சொன்னான். பொய் என்று புரிந்தது. அவனுக்குப் பழக்கம் ஆண்களோடு என்பதும் புரிந்தது. ஆனாலும் அவன் சொன்ன கட்டத்திலேயே டிக் போட்டேன். அவன் உண்மையைச் சொல்லிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவன் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்று எனக்குத்தான் பயம். ஆணோடு உறவென்றால் ஆணுறையோடு ஜெல்லும் வேண்டும், தொற்று வராமலிருக்க ப்ரெப் என்று மாத்திரை இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று மற்றவர்களுக்கு மனப்பாடமாகச் சொல்வேன். அவனுக்கு எதையும் சொல்லவில்லை. ரிசல்ட் நெகட்டிவ். நல்ல குடும்பத்துப் பிள்ளை, பயப்படாதே என்று அனுப்பி வைத்தேன். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஒன்றரை வருஷம் கழித்து மறுபடி வந்தான். விட்டுவிட்டுக் காய்ச்சல், ஆள் இளைத்திருந்தான். மூன்று டெஸ்ட் கிட்டிலும் ஹெச்ஐவி பாசிட்டிவ். ஏன்ப்பா அன்றைக்கே சொல்லவில்லை என்று அவனையே கேட்டேன். அந்தத் தைரியமும் எனக்கு இருந்தது.

"எப்படிக்கா சொல்றது? நீங்கதான் எங்கம்மாவையும் கூட்டிக்கினு வந்து உள்ள உக்கார வெச்சிட்டீங்களே."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஹெச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரைக்கு வேறு ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரச் சொன்னான். வடபழனி தாண்டி எங்கேயாவது, நம் கோயில் ஆட்கள் வராத இடமாக வேண்டும் என்றான். எழுதிக் கொடுத்தேன்.

அதன் பிறகு தெரிந்த முகம் எது வந்தாலும் நலம் விசாரிப்பதில்லை. என்னிடமே பேசுகிறீர்களா, வேறு கவுன்சிலரிடம் அனுப்பட்டுமா என்று மட்டும் கேட்பேன். பெரும்பாலும் வேறு ஆளைத்தான் கேட்பார்கள். எழுந்து போகும்போது முகத்தில் நிம்மதி தெரியும். நான் இந்தப் பாடத்தைச் சுலபமாகக் கற்றுக்கொண்டேன். அதற்கு ஆயுசுக்கும் மாத்திரை விழுங்குவது ஜெரால்டு.