அவர் காதில் விழுந்த சத்தம்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தபோது வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. கூடவே பேச்சும் போயிற்று. கால் மூன்று மாதத்தில் கொஞ்சம் திரும்பி வந்தது. பேச்சு வரவில்லை. ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ நாக்கில் தங்கிவிட்டது: "நாளைக்கு." தண்ணீர் வேண்டுமென்றாலும் நாளைக்குதான், ஃபேனை நிறுத்தச் சொன்னாலும் நாளைக்குதான். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்திய மனிதர். உள்ளே எல்லாம் அவருக்குப் புரிகிறது, வெளியே வருகிற வழிதான் அடைபட்டிருக்கிறது என்றார் டாக்டர். எழுதிக் காட்டச் சொல்லலாமா என்று கேட்டேன். எழுத்தும் அதே வழியாகத்தான் வரவேண்டும் என்றார். இருந்தாலும் இடது கையில் பென்சிலைக் கொடுத்துப் பார்த்தேன். நாலைந்து கோடு இழுத்தார். பிறகு பென்சிலை மேஜை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு நான் கொடுக்கவில்லை.

எங்கள் வீடு சாந்தோமில். பிசியோதெரபி அடையாறில், வாரத்துக்கு மூன்று நாள். நான்தான் கார் ஓட்டிக் கூட்டிப் போனேன். கார் எங்கள் மகள் எல்.கே.ஜி. சேர்ந்த வருஷம் வாங்கியது. பதினெட்டு வருஷமாகிறது. மகள் இப்போது பெங்களூரில் படிக்கிறாள். அந்த வண்டியை அவர் வேறு யார் கையிலும் விட்டதில்லை. ஆயில் மாற்றும் நாள் வந்தால், ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விடுவார். ஆயில் ஃபில்டரை அவரே போய் வாங்கி வருவார். ஒரு டப்பா வாங்க ஒரு மத்தியானம் முழுக்கச் செலவாகும். வீட்டுக்கு வந்த பிறகும் அதை டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். என்ன பார்க்கிறார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. காய்கறி வாங்கும்போதுகூட இவ்வளவு பார்க்க மாட்டீர்களே என்று கிண்டல் மட்டும் செய்திருக்கிறேன்.

அவர் படுத்த பிறகு ஆயில் மாற்றவேண்டிய நாள் தாண்டிவிட்டது. எங்கள் தெருமுனை மெக்கானிக்கிடம் சொன்னேன். ஆயிலும் ஃபில்டரும் வாங்கிவந்து கொடுத்தால் மாற்றித் தருவதாகச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் எனக்கு அது பரீட்சைத் தாள் திருத்தும் வாரம். தி. நகருக்கு அவருடைய மருந்து வாங்கப் போனவள், பக்கத்திலிருந்த ஒரு உதிரிபாகக் கடையில் வண்டியின் பெயரைச் சொன்னேன். கடைக்காரர் ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். "இது சேருமா?" என்றேன். சேரும் என்றார். நான் தேர்ந்தெடுத்தது அவ்வளவுதான். அவர் சொன்னதும் பொய்யில்லை. மெக்கானிக் திருகிப் பார்த்தார், கச்சிதமாக உட்கார்ந்தது.

அதற்கடுத்த நாள் காலையில்தான் அது ஆரம்பித்தது. அவரை முன்சீட்டில் உட்காரவைத்து, பெல்ட் மாட்டி, சாவியைத் திருகினேன். வண்டி கிளம்பியதும் இடது கையால் டேஷ்போர்டில் ஓங்கி அடித்தார். "நாளைக்கு! நாளைக்கு!" முகமெல்லாம் சிவந்துவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. மறுபடியும் அட்டாக் என்றுதான் நினைத்தேன். எஞ்சினை நிறுத்திவிட்டு நாக்கை நீட்டச் சொன்னேன், கையைத் தூக்கச் சொன்னேன். எல்லாம் செய்தார். வாய் புதிதாகக் கோணவில்லை. கொஞ்ச நேரத்தில் அடங்கி, தலையைச் சாய்த்துக்கொண்டார். மறுபடி கிளப்பினேன். இந்த முறை பேசாமல் இருந்தார்.

அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்த தடவையும். காரில் ஏறும்வரை சரியாக இருப்பார். சாவியைத் திருகியதும் டேஷ்போர்டில் அடிப்பார், காதைத் தொடுவார், கண்ணாடி வழியாக முன்பக்கம் கை காட்டுவார். காதில் வலியோ என்று காது டாக்டரிடம் காட்டினேன். ஒன்றுமில்லை என்றார். முன்னால் காட்டுகிறாரே, கடற்கரைப் பக்கமாகப் போகச் சொல்கிறாரோ என்று நினைத்து ஒரு நாள் நொச்சிக்குப்பம் வழியாக ஓட்டிப் போனேன். படகுகளையும் மீன் விற்கிறவர்களையும் பார்த்தால் மனசு லேசாகும் என்று மெதுவாகவே ஓட்டினேன். அவர் வெளியே பார்க்கவே இல்லை. மீட்டர் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

வண்டியில் சத்தம் எனக்குக் கேட்காமல் இல்லை. கிளப்பியதும் மூன்று நான்கு விநாடி, தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கினாற்போல் தடதடவென்று கேட்கும். மீட்டரில் எண்ணெய்க் குடுவை போட்ட சிவப்பு விளக்கும் அந்த நேரம் அணையாமல் இருக்கும். பிறகு சத்தமும் நிற்கும், விளக்கும் அணைந்துவிடும். பழைய வண்டி, சத்தம் போடத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். ஒரு தடவை பள்ளிக்கூடத்திலிருந்து திரும்புகிற வழியில் மெக்கானிக்கிடம் நிறுத்தினேன். ஓடிவந்த சூட்டில் எஞ்சின் அமைதியாக இருந்தது. "நல்லாதானம்மா கீது வண்டி," என்றார் அவர்.

தெரபி சொல்லித்தரும் பெண், இங்கே வருவதற்குப் பயந்துதான் சார் அப்படிச் செய்கிறார் என்றாள். நிறையப் பேர் பாதியில் இப்படி ஆவார்களாம். டாக்டரிடம் சொன்னேன். மூளையில் அடிபட்டவர்களுக்குக் காரணமில்லாமல் கோபமும் அழுகையும் வருவதுண்டு என்று விளக்கிவிட்டு, சின்னதாக ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கொடுக்கவேண்டும்.

கொடுத்தேன். முதல் இரண்டு நாள் துப்பினார். பிறகு இட்லியில் வைத்துக் கொடுத்தேன். மாத்திரை வேலை செய்தது. காரில் அடிக்கவில்லை. கையை மட்டும் காதுவரை கொண்டுபோவார், பாதியில் அது மடியில் விழுந்துவிடும். தெரபியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பத்து அடி நடந்துகொண்டிருந்தவர் நாலு அடியில் உட்கார ஆரம்பித்தார். அந்த மூன்று வாரத்தில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. இதை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

தெரபி நடக்கும் கட்டடத்துக்கு ஒரு வயதான அம்மாளைக் கூட்டிவரும் கால்டாக்சி டிரைவர் ஒருவர் இருந்தார். எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே நேரம். அதனால் வாசலில் பார்த்தால் சிரித்துக்கொள்வோம். ஒரு நாள் மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. வாங்கிக்கொள்ளலாம் என்று கொடுக்காமலே கூட்டிவந்துவிட்டேன். தெரபி முடிந்து காரில் உட்காரவைத்துக் கிளப்பினேன். தடதடவென்றது. அவர் டேஷ்போர்டில் அடித்தார். டிரைவர் தன் வண்டியிலிருந்து இறங்கி வந்தார். இவர் அடிப்பதைப் பார்த்துவிட்டு வருகிறார் என்று நினைத்து, உடம்பு சரியில்லாதவர் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இன்னாம்மா, ஸ்டார்ட் பண்ணசொல்லோ இப்டி அடிக்குது? ஆயில் மேல ஏறல. ஃபில்டர் எப்போ மாத்துன?"

என் கணவர் ஜன்னல் வழியாக இடது கையை நீட்டி அந்த டிரைவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு," என்றார். தலையை ஆட்டி ஆட்டி, "நாளைக்கு, நாளைக்கு," என்றார். கண்ணீர் தாடையில் இறங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாருக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்கு, நீ கேக்கலியா?" என்றார்.

அவர் குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் எஞ்சினை நிறுத்தினேன். அவரே பானெட்டைத் திறந்து, பக்கவாட்டில் படுத்தாற்போல் மாட்டியிருந்த ஃபில்டரைக் காட்டி விளக்கினார். நல்ல ஃபில்டருக்குள்ளே ரப்பரில் ஒரு தடுப்பு இருக்குமாம். எஞ்சினை நிறுத்தினாலும் ஆயில் கீழே ஓடிவிடாமல் அது பிடித்துவைக்கும். மட்டமான சரக்கில் அந்த ரப்பர் கல்லாகக் கிடக்கும், இல்லை சரியாக மூடாது. அப்போது ஒவ்வொரு முறையும் எஞ்சின் கொஞ்ச நேரம் ஆயிலில்லாமல் வறண்டு ஓடும். புது வண்டி தாங்கினாலும் தாங்கும், இந்த வயசு வண்டி தாங்காது என்றார்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து அவரையும் கூட்டிக்கொண்டு ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். அங்கே வரிசையாக உதிரிபாகக் கடைகள். படி ஏற அவரால் முடியாது. ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் ஒரு கடைக்குள் ஏறினேன். கடைக்காரர் தெற்கத்திக்காரர். பேச்சிலேயே தெரிந்தது. மூன்று டப்பாக்களை மேஜையில் வைத்தார். எனக்கு மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன. ஆட்டோவில் இருக்கிறவரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று மூன்றையும் எடுத்துக்கொண்டேன்.

முதல் ஃபில்டரை மடியில் வைத்து, சுற்றியிருந்த சின்னத் துளைகளில் ஒன்றில் சுண்டுவிரலை விட்டு அழுத்தினார். தலையை ஆட்டினார், வேண்டாம். இரண்டாவதை அழுத்திவிட்டு, வாய்ப்பக்கத்து ரப்பர் வளையத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். வேண்டாம். மூன்றாவதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத் துளையைக்கூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தார். வியாதி வந்த பிறகு அவர் முகத்தில் நான் அப்படி ஒரு கறாரைப் பார்த்ததில்லை. வகுப்பில் தப்பான விடையைத் திருப்பிக் கொடுக்கும்போது அப்படித்தான் இருந்திருப்பார்.

மூன்றும் வேண்டாமாம் என்று நான் சொன்னதும் கடைக்காரருக்குக் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. யாரம்மா அது என்று இறங்கி வந்தார். ஆட்டோவில் உட்கார்ந்திருந்தவரின் மடங்கிய வலது கையைப் பார்த்தார். மடியில் இருந்த ஃபில்டரைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"சார் பாக்குத வெதம் சரிதான். உள்ள ஒண்ணு கெடக்கு, எடுத்தாரேன், இருங்க," என்றார்.

அவர் கொண்டுவந்தது தடித்த அட்டைப் பெட்டியில் இருந்தது. வண்டிக் கம்பெனிக்கே செய்து கொடுக்கிறவர்களின் சரக்கு, எண் பொருந்துகிறதா பாருங்கள் என்றார். எங்கள் வண்டிப் புத்தகத்தை எடுத்துப் போயிருந்தேன். எண் ஒன்றாகவே இருந்தது. என் கணவர் சுண்டுவிரலை விட்டு அழுத்தினார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, என் விரலை அந்தத் துளைக்குள் வைத்து அழுத்தினார். உள்ளே மெத்தென்று ஏதோ அமுங்கி, விரலை எடுத்ததும் பழையபடி எழும்பிக்கொண்டது. வேண்டாமென்று வைத்த முதல் ஃபில்டரை எடுத்து அதிலும் என் விரலை வைத்தார். அது அசையவே இல்லை.

தெருமுனை மெக்கானிக் அன்று மாலையே மாற்றிக் கொடுத்தார். வாய் ரப்பரில் புது ஆயிலை ஒரு விரல் தடவி, ஸ்பேனர் போடாமல் கையாலேயே திருகினார். கழற்றிய பழைய ஃபில்டரை ரம்பத்தால் அறுத்துக் காட்டச் சொன்னேன். உள்ளேயிருந்த காகித மடிப்புகள் ஒருபக்கம் பசை விட்டுப் பிரிந்து தொங்கின. "இத்த நாந்தானம்மா மாட்டுனேன்," என்று மெக்கானிக் தலையைச் சொறிந்தார். வாங்கி வந்தவள் நான். இத்தனை நாள் எஞ்சின் உள்ளே தேய்ந்தது தேய்ந்ததுதான், இனிமேல் தேயாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

மறுநாள் காலை சாவியைத் திருகினேன். சிவப்பு விளக்கு உடனே அணைந்தது. சத்தமில்லை. அவர் டேஷ்போர்டில் அடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, போகலாம் என்பதுபோல் இடது கையை அசைத்தார். நான் வண்டியை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். அவர் என் முதுகில் தட்டினார்.

டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். சத்தம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்றார். மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தச் சொன்னார். இழந்த நடையைத் திரும்பப் பிடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. மாத்திரை விஷயத்தை ஒரு நாள் அவரிடம் சொன்னேன். இட்லியில் வைத்துக் கொடுத்தேன் என்று சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தெரிந்திருந்ததா, அப்போதுதான் தெரிந்ததா, மன்னித்தாரா, எதுவும் எனக்குத் தெரியாது. கேட்டால் அவர் சொல்லக்கூடியது ஒரு சொல்தான்.

அதற்குப் பிறகு வீட்டில் அவர் கை எங்கே நீண்டாலும் நான் எழுந்து போய்ப் பார்க்கிறேன். ஒரு தடவை குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு தடவை பால் பொங்கி அடுப்பு அணைந்து கேஸ் கசிந்துகொண்டிருந்தது. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைக் காட்டினார். சுவிட்சைப் பார்த்தேன், காலண்டரைக் கழற்றிப் பார்த்தேன், பக்கத்து வீட்டில் ஏதாவது சத்தமா என்று சுவரில் காதை வைத்துக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையாட்டினார். மகளுக்குப் போன் போடட்டுமா என்றேன். அதுவும் இல்லை. முக்கால் மணி நேரம் இருவரும் முயன்றோம். கடைசியில் அவர் கையை இறக்கிவிட்டார். தட்டை என் பக்கமாக நகர்த்தி, சாப்பிடு என்று காட்டினார். ஆறிப்போன சோற்றை அவர் பார்த்துக்கொண்டிருக்க நான் சாப்பிட்டேன்.