ஒரே ஊசி போதும் என்ற நவநீதகிருஷ்ணன்

நந்தகோபாலுக்குத் தன் அக்காள் புருஷன் நவநீதகிருஷ்ணன் மேல் பதினோரு வருஷமாக ஒரு கடுப்பு இருந்தது. பெட்டை ஆடுகளோடு சேர்க்க, பொலிக்கென்று அவன் பார்த்துப் பார்த்து வளர்த்த செவலைக் கிடாயை, பக்கத்தில் கட்டிக் கிடந்த வேறொரு கிடாய் என்று நினைத்து அவர் காயடித்துவிட்டுப் போய்விட்டார். போய்க் கேட்டால், "ரெண்டும் செவலைதானல மாப்ளே. நெத்தியில பேரா எழுதி ஒட்டியிருந்த?" என்று சிரித்தார். தப்புதான் என்று ஒரு வார்த்தை வரவில்லை. அன்றிலிருந்து நல்லது கெட்டதில் பார்த்தால்கூட நந்தகோபால் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஓட்டப்பிடாரத்தைச் சுற்றி இருபது ஊருக்குக் கிடாய் காயடிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். சொந்தமாக நூற்றிருபது ஆடுகள். உளுந்து எடுத்த கரிசல் காடுகளில் உரத்துக்காக ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை போட்டுக்கொண்டு மாசக்கணக்கில் வெளியிலேயே கிடப்பார். பையில் எப்போதும் இடுக்கி இருக்கும். விதைக்கு மேலே இரண்டு அழுத்து. தோல் கிழியாது, ரத்தம் வராது, உள்ளே நரம்பு நசுங்கிவிடும்.

அறுபத்திரண்டு வயதில் அவருக்கு இடுப்பு வலி வந்தது. ஒன்றுக்குப் போனால் சொட்டுச் சொட்டாக வந்தது. கிடையில் ஈரத்தில் படுப்பதால் என்று ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டார். அக்காள் சுந்தரேஸ்வரி போனில் அழவும், நந்தகோபால் தன் லோடு ஆட்டோவை நிறுத்திப் போட்டுவிட்டு அவரைத் திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனான். ரத்தம், ஸ்கேன், சதை எடுத்துச் சோதனை எல்லாம் முடிந்தது. புராஸ்டேட்டில் புற்றுநோய், எலும்புக்கும் போய்விட்டது. அறுத்து எடுக்க முடியாது, மூன்று மாதத்துக்கு ஓர் ஊசி போட்டு அடக்கி வைக்கலாம் என்றார் டாக்டர்.

நர்ஸ் இவாஞ்சலின்தான் விளக்கிச் சொன்னார். "இந்த நோய்க்குத் தீனி, விதையில ஊறுற ஆம்பளைச் சுரப்பு ஐயா. ஊசி அதை நிப்பாட்டும். தீனி இல்லைன்னா நோய் அடங்கிக் கிடக்கும்."

நவநீதகிருஷ்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப என்னைக் காயடிக்குதீங்கன்னு சொல்லுங்க."

"அப்படியும் வச்சுக்கலாம்" என்றார் நர்ஸ், சிரிப்பை அடக்கிக்கொண்டு. முதல் ஊசியை அன்றே போட்டு, அடுத்த தேதியைக் கார்டில் எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நவநீதகிருஷ்ணன் மெதுவாகச் சொன்னார்: "மாப்ளே, ஊருக்குள்ள தெரியக் கூடாது. கிடாய்க்காரனே கிடாயாயிட்டான்னு சிரிப்பானுவ. சுகர் ஊசின்னு சொல்லிரு."

நந்தகோபாலுக்கு வாய் அரித்தது. "ஆளு மாத்திப் போடாம விட்டாங்களே மச்சான், அந்தமட்டுக்குச் சந்தோசம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எப்போதும்வென்றான் ஊரைத் தாண்டியதும் தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு நந்தகோபாலும் பழையதைப் பேசவில்லை.

ஒரு மாதத்தில் வலி போய்விட்டது. நிழலில் இருக்கும்போதே திடீரென்று முகமும் கழுத்தும் காந்தி, வேர்வை ஊற்றும். நெஞ்சுச் சதை கனத்தது. தொப்பை விழுந்தது. காயடித்தால் கொழுக்கத்தானே செய்யும் என்று அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

மூன்று மாதம் ஆனதும் அடுத்த ஊசிக்குக் கூப்பிட நந்தகோபால் போன் செய்தான். அவர் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் கிடை போட்டிருந்தார்.

"எதுக்குல திரும்ப? ஒரு கிடாய்க்கு ரெண்டு மட்டமா இடுக்கி போடுவாக? ஒருக்கா நசுங்குனா ஆயுசுக்கும் நசுங்குனதுதான்."

நந்தகோபாலும் கிடையில் பிறந்து வளர்ந்தவன்தான். அவனுக்கும் அது நியாயமாகவே பட்டது. சரியென்று போனை வைத்துவிட்டான்.

எட்டாவது மாதம் கிடையில் படுத்தவரால் காலையில் எழுந்திருக்க முடியவில்லை. கால் இரண்டும் மரத்துவிட்டன. லோடு ஆட்டோவில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்து, நந்தகோபால் திருநெல்வேலிக்கு நிறுத்தாமல் ஓட்டினான்.

"ஊசி நசுக்காது ஐயா, உறங்கத்தான் வைக்கும். மருந்து தீர்ந்தா முழிச்சுக்கிடும்" என்று நர்ஸ் சத்தம் போட்டார். "தேதி கார்டுல எழுதித்தானே குடுத்தோம்?"

"கார்டை ஆடா படிக்கும்?" என்றார் அவர். ஆனால் குரலில் பழைய முறுக்கு இல்லை.

நோய் முதுகெலும்பில் முற்றி நரம்பை அழுத்தியிருந்தது; முதுகுக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். கம்பு ஊன்றி நடக்கிற அளவுக்குத் தேறினார். ஆடுகளைத் தம்பி ராஜமணியிடம் ஒப்படைத்தார். அடுத்த ஏழு ஊசியும் தேதி தவறவில்லை. ஒவ்வொன்றுக்கும் நந்தகோபாலே கூட்டிப்போனான். அதற்கு மேல் ஊசிக்கு நோய் கட்டுப்படவில்லை. நோய் அந்தத் தீனி இல்லாமலே வளரப் பழகிவிட்டது என்றார் டாக்டர். கொடுத்த மாத்திரையும் நாலு மாதந்தான் தாங்கியது. பிறகு கட்டிலோடு கட்டிலாகிவிட்டார்.

ஒரு நாள் சாயங்காலம் ராஜமணி பார்க்க வந்தான். அரை மணி நேரத்தில் மூன்று தடவை எழுந்து வேலி ஓரம் ஒன்றுக்குப் போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தான். நவநீதகிருஷ்ணன் அதையே கவனித்துக்கொண்டிருந்தார். அவன் போனதும் நந்தகோபாலைக் கிட்டே கூப்பிட்டார். அவர் அவனிடம் கடைசியாகக் கேட்ட உதவி இதுதான்.

"பாத்தியால? கேட்டா கிடையில ஈரம்ங்கான். நான் சொன்ன அதே பொய்யி. கூடப் பொறந்தவனுக்கும் வரலாம்னு டாக்டர் சொன்னாருல்லா?"

"ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுதேன் மச்சான்."

"சும்மா சொன்னா போகமாட்டான். எனக்குச் சுகர்னுதான் இன்னும் நெனைச்சிட்டிருக்கான். எனக்கு என்ன ஊசி போட்டாகன்னு சொல்லு. காயடிச்சாகன்னே சொல்லு. ஒண்ணு போட்டுட்டு நான் போகாம இருந்து கெட்டதையும் சொல்லு. சிரிப்பான், சிரிக்கட்டும். அவன் சிரிச்சு முடிக்கதுக்குள்ள ஆட்டோவுல ஏத்திரு."