ஒற்றைச் செருப்பு

போன பங்குனியில் நடந்தது இது. பேசாலையிலிருந்து மன்னார் வந்து, முருங்கன் பஸ்ஸுக்கு மாறி ஏறினேன். பழைய கூட்டாளி ஒருவன் அங்கே புது வீடு குடிபுகுகிறான். வெள்ளைச் சேட்டு, வேட்டி என்று ஆள் நல்ல எடுப்பாகத்தான் போனேன்.

சீற்றில் அமர்ந்து மூச்சு விடவில்லை, செருப்பு ஒன்றைக் கையில் பிடித்தபடி ஒரு பெண் ஏறி வந்தாள். நெற்றியில் பொட்டு, தோளில் மருந்துப் பை, நாற்பது வயதிருக்கும்.

“அண்ணை, இது உங்கடையோ?”

குனிந்து பார்த்தால், என் வலது கால் வெறுங்கால்! படியில் ஏறும்போது கழன்று விழுந்திருக்கிறது. பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

“கழண்டது தெரியேல்லையோ?”

“கடல்காரன்ரை கால் தங்கச்சி. மாட்டுத்தோல்!” என்று பகிடி விட்டேன்.

உண்மையில் என் காலைப் பற்றி எனக்கு அவ்வளவு பெருமை. எங்கள் பக்கம் செருப்போடு ஒருவரும் வள்ளத்தில் ஏறமாட்டோம். முப்பது வருசமாகக் கரையில் வெறுங்கால்தான். உச்சி வெயிலில் மற்றவர்கள் மணலில் துள்ளித் துள்ளி ஓடுவார்கள், நான் நின்று கதை சொல்வேன். இரண்டு வருசமாகச் சூடே தெரியவில்லை. தோல் தடித்துவிட்டது என்று நினைத்தேன். சீனி வருத்தத்துக்கு, அதுதான் நீரிழிவுக்கு, டொக்டர் தந்த குளிசையையும் ஞாபகம் வந்தால்தான் போடுவேன். நோவு இல்லாதவனுக்கு எதற்கு மருந்து?

அவள் பக்கத்தில் வந்து அமர்ந்து, “சீனி இருக்கோ அண்ணை?” என்று கேட்டாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. முன்பின் தெரியாத ஆள், பஸ்ஸுக்குள் கேட்கிற கேள்வியா இது? முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவள் விடவில்லை. மெல்லிய குரலில் சொன்னாள்: “என்ரை மனுசனும் வயலாலை ஒருநாள் ஒற்றைச் செருப்போடை வந்தவர். நாங்கள் எல்லாரும் சிரிச்சனாங்கள். இப்ப அவருக்கு அந்தக் கால் இல்லை. உள்ளங்காலை ஒருக்காக் காட்டுங்கோ.”

அதற்குப் பிறகு கோபப்பட எப்படி மனம் வரும்? காலைத் தூக்கிக் காட்டினேன். குதிக்காலில் கறுத்த ஓட்டை, சுற்றிவரச் சீழ். நடுவில் கெளிறு மீனின் முள்ளு.

ஐயோ கடவுளே! கெளிறு முள்ளு குத்தினால் வளர்ந்த ஆம்பிளையே குழறி அழுவான். எங்கள் வலையில் கெளிறு பட்டு மூன்று நாளாகிவிட்டது. மூன்று நாளும் அதை மிதித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

முருங்கனில் இறங்கி, அவளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். முள்ளை எடுத்துக் கட்டுப் போட்ட நேர்ஸ், நாங்கள் தூண்டிலுக்குக் கட்டுகிற தங்கூசி மாதிரி ஒரு நூலை எடுத்தார்.

“ஐயா, கண்ணை மூடுங்கோ. இதாலை காலைத் தொடேக்குள்ளை ஓம் எண்டு சொல்லுங்கோ.”

இதென்ன பெரிய வேலை! “ஓம்” என்றேன். கொஞ்சம் பொறுத்து “ஓம்.” பெருவிரலில் பட்டது நன்றாகத் தெரிந்தது. “ஓம்!”

கண்ணைத் திறந்தால், நேர்ஸின் கை அவருடைய மடியில் இருந்தது. அந்தத் தங்கச்சி சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“நான் இன்னும் தொடேல்லை ஐயா” என்றார் நேர்ஸ்.

பிறகு டொக்டர் விளங்கப்படுத்தினார். காலிலிருந்து சேதி வராவிட்டால், வந்த மாதிரி மூளை தானே நினைத்துக்கொள்ளுமாம். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் காலை எடுக்கவேண்டி வந்திருக்கும் என்றார். நான் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

என் மனுசி வந்து சேரும்வரை அவள் வாசல் வாங்கில் அமர்ந்து காத்திருந்தாள். பிறகு மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கலக்கத்தில் பெயர்கூடக் கேட்கவில்லை.

இப்போது பின்னேரத்தில் தவறாமல் கண்ணாடி பிடித்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். குளிசையும் தவறுவதில்லை. வள்ளத்தில் செருப்போடு ஏறுகிறேன், கரையில் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆனால் யாராவது ஒற்றைச் செருப்போடு வந்தால் எனக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை. ஓடிப்போய், “அண்ணை, காலை ஒருக்காக் காட்டுங்கோ” என்றுதான் கேட்கிறேன்.