ஓட்டு எண்ணும் முன்பே கட்டிய ஃப்ளெக்ஸ்

செகந்திராபாதை அடுத்த உப்பலில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு சோஷியல் எடுக்கிறேன். வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளாதாரம் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, அதற்கு இந்த ஊரில் வைத்திருக்கும் பெயர் அது. கணக்கு டீச்சருக்குப் பாடம் முடியவில்லை என்றால் முதலில் பறிபோவது என் பீரியட்தான். “உங்களுது வீட்ல படிச்சுக்கிற சப்ஜெக்ட்தானே மேடம்” என்பார்கள். எத்தனை வருஷமாகக் கேட்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தேர்தல் பாடம் நடக்கும் வாரத்தில் மட்டும் நான் யாருக்கும் பீரியட் கொடுப்பதில்லை. ஹப்சிகுடாவில் எங்கள் அபார்ட்மெண்டில் ஓட்டுப் போடும் நாள் வந்தால் போதும், பாதிப் பேர் முந்தின நாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுவார்கள். அந்த எரிச்சலை எல்லாம் வகுப்பில்தான் வந்து கொட்டுவேன். இந்த வருஷமும் கொட்டினேன். ‘உன் ஓட்டை வீணாக்காதே’ என்று போர்டில் இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் எழுதி, மொத்த வகுப்பையும் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். எங்கள் பள்ளியில் ஹெட் கேர்ள் யார் என்பதை ஆபீஸில் மார்க்கைப் பார்த்து முடிவு செய்வார்கள். இந்த முறை பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும் என்று பிரின்ஸிபாலின் பின்னாலேயே நடந்தேன். என் தொல்லை தாங்காமல் அவர் சரி என்றார். ஒன்பதாம் வகுப்பு மட்டும் ஓட்டுப் போடும் என்று முடிவானது.

இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி கணக்கில் முதல் மார்க் வாங்குகிறவள், நல்ல பிள்ளை, அவள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. இன்னொருத்தி எங்களைப் போலவே தமிழ் வீட்டுப் பெண். அவளுடைய அப்பாவுக்கு ஜீடிமெட்லாவில் மருந்து கம்பெனி வேலை. நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள், கோபம் வந்தால் இங்கிலீஷ். வகுப்பில் அதிகம் வாய் திறக்காதவள். அவள் பெயர் கொடுத்ததே எனக்கு ஆச்சரியம்.

பிரசாரத்துக்கு ஆளுக்குக் கொஞ்ச நேரம் கொடுத்தேன். கணக்குக்காரி ஒழுக்கம், சுத்தம், நேரம் தவறாமை என்று பேசி உட்கார்ந்தாள். இவள் எழுந்து வந்து, மாடியில் இருக்கும் பெண்கள் பாத்ரூமைப் பற்றிப் பேசினாள். தாழ்ப்பாள் போன வருஷமே கழன்று விழுந்துவிட்டதாம். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். “கதவைப் பிடிக்க ஆள் கிடைக்காதுன்னு நாங்க பாதிப் பேர் மத்தியானம் வரைக்கும் தண்ணியே குடிக்கிறதில்ல” என்று தெலுங்கில் சொன்னாள். “நான் ஜெயிச்சா முதல் வேலை தாழ்ப்பாள்.”

பெண்கள் அத்தனை பேரும் டெஸ்க்கைத் தட்டினார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஸ்டாஃப் பாத்ரூம் கீழே இருக்கிறது, தாழ்ப்பாள் இருக்கிறது, கண்ணாடிகூட இருக்கிறது. வகுப்புக்கு வகுப்பு ஏ.சி. போட்ட பள்ளியில் வளர்ந்த பெண்கள் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள், நான் அவர்களுக்கு அடிப்படை உரிமைகள் நடத்திக்கொண்டிருக்கிறேன். வெட்கக்கேடு.

அன்றைக்கே ஏ.ஓ.விடம் போனேன். ஏ.ஓ. என்றால் பள்ளியின் நிர்வாகத்தைப் பார்க்கிறவர். செகந்திராபாதில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம், அதனால் என்னிடம் தமிழில்தான் பேசுவார், நடுநடுவே இந்த ஊர் உருது கலக்கும்.

“பசங்க கம்ப்ளெயிண்ட் எல்லாம் ஹெட் கேர்ள் மூலமாத்தான் வரணும் மேடம். அதான் இங்க முறை.”

“ஒரு தாழ்ப்பாளுக்கு முறையா? நானே ஆசாரியைக் கூட்டிட்டு வரேன்.”

“நக்கோ மேடம், வேணாம். வெளியாள உள்ள விட்டா என் வேலை போயிடும்.”

சரி, ஹெட் கேர்ள் மூலமாகவே வரட்டும் என்று எண்ணிக்கொண்டேன். அவள்தான் ஜெயிக்கப்போகிறாள் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஓட்டுச் சீட்டில் ஆளுக்கொரு சின்னம். கணக்குக்காரிக்குப் புத்தகம், இவளுக்குத் தாழ்ப்பாள். நான் வரைந்த தாழ்ப்பாள் கரண்டி மாதிரி இருந்தது, அது வேறு விஷயம்.

ஓட்டுப் போடும் நாள் காலையில் ஆட்டோவை விட்டு இறங்கினேன். பள்ளி கேட்டின் தலைக்கு மேல், இந்தப் பக்கத்துத் தூணிலிருந்து அந்தப் பக்கத்துத் தூண் வரை ஒரு புது ஃப்ளெக்ஸ். அதில் கணக்குக்காரி வார்டு கார்ப்பரேட்டர் மாதிரி கைகூப்பிச் சிரித்துக்கொண்டு நின்றாள். கீழே, எங்கள் புதிய ஹெட் கேர்ளுக்கு வாழ்த்துகள். பஸ்கள் ஒவ்வொன்றாக அதன் அடியில் நுழைந்து உள்ளே போய்க்கொண்டிருந்தன. எனக்கு ஒரு நிமிஷம் கண்ணில் பார்ப்பது மூளைக்கு ஏறவில்லை. தேதியை மறந்து ஒரு நாள் தாமதமாக வந்துவிட்டேனோ என்றுகூடத் தோன்றியது.

ஏ.ஓ. கேட் ஓரமாகவே நின்று கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், இன்னும் ஒரு ஓட்டுக்கூட விழல. இது என்ன கூத்து?”

“ஹவ் மேடம், ஆமா, தெரியும். நாளைக்கு ஃபங்ஷன், சீஃப் கெஸ்ட் வர்றாரு. கல்யாண சீசன்ல ஃப்ளெக்ஸ்காரன் கையில சிக்க மாட்டேங்குறான். கெடச்ச அன்னிக்கே போட்டு வாங்கிட்டோம்.”

“வேற பொண்ணு ஜெயிச்சா?”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “எலெக்‌ஷன் நீங்க பசங்களுக்கு ஆக்டிவிட்டியாத்தானே வெக்கிறீங்க? கைக்கு மேடம், எதுக்கு டென்ஷன்? நல்லா நடத்துங்க. ஃபோட்டோ எடுக்க ஆள் அனுப்புறேன்.”

அந்த மனிதர் என்னைக் கேலி செய்திருந்தால்கூடத் தேவலை. அவர் எனக்கு உதவி செய்கிறதாக நினைத்துக்கொண்டிருந்தார். அங்கேயே நின்று சண்டை போட்டு, அந்த ஃப்ளெக்ஸைச் சுருட்டி மேலே கட்ட வைத்த பிறகுதான் உள்ளே போனேன். ஆனால் அதற்குள் கடைசி பஸ்ஸும் வந்துவிட்டிருந்தது.

இருந்தாலும் எனக்கு ஒரு நம்பிக்கை. பிள்ளைகள் இந்த அநியாயத்துக்கு நல்ல பதில் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். வரிசையில் சத்தம் போடாமல் நின்றார்கள். அட்டை மறைவுக்குப் பின்னால் போய் முத்திரை குத்தினார்கள், சீட்டை நான் சொல்லிக் கொடுத்தபடி மடித்துப் போட்டார்கள், மார்க்கர் மை வைத்த விரலை ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்தார்கள். இவ்வளவு ஒழுங்கான தேர்தலை நான் பெரியவர்களிடம் பார்த்ததில்லை. கண் கலங்கியது, சொல்வதற்கென்ன.

மத்தியானம் எல்லார் முன்னாலும் பெட்டியைத் திறந்து எண்ணினேன். புத்தகம். புத்தகம். புத்தகம். எப்போதாவது ஒரு தாழ்ப்பாள். பிறகு மறுபடியும் புத்தகம். எண்ணி முடித்தபோது தாழ்ப்பாள் சீட்டுகள் என் ஒரு கைக்குள் அடங்கிவிட்டன. தப்பாகப் பிரித்துவிட்டேனோ என்று முழுவதையும் இன்னொரு தடவை எண்ணினேன். மாறவில்லை. அன்றைக்கு டெஸ்க்கைத் தட்டிய அதே கைகள்தானே என்று நிமிர்ந்து பார்த்தேன், அவர்கள் கணக்குக்காரிக்குக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“ஏன்டா இப்படி?” என்று முன் பெஞ்சுப் பையனைக் கேட்டேன்.

“ஃப்ளெக்ஸ் வந்துடுச்சுல்ல மேம்” என்றான். பஸ் வந்துவிட்டது என்று சொல்லும் குரலில் சொன்னான்.

ஏ.ஓ. வந்து எட்டிப் பார்த்தார். “பாத்தீங்களா மேடம், பசங்களே கரெக்டா முடிவு பண்ணிட்டாங்க. நீங்க சும்மா சும்மா டென்ஷன் ஆனீங்க.” ஃப்ளெக்ஸை மறுபடியும் இறக்கிக் கட்டச் சொல்லிவிட்டுப் போனார். இந்தத் தடவை எதைச் சொல்லிச் சண்டை போட? ஒரு கள்ள ஓட்டு இல்லை, ஒரு செல்லாத சீட்டு இல்லை. எல்லாம் என் கையாலேயே நடந்தது.

கணக்குக்காரியிடம் தாழ்ப்பாளைப் பற்றி நீயாவது கேளேன் என்றேன். நாளைக்கு நன்றியுரை மட்டும் சொன்னால் போதும் என்று ஆபீஸில் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். அவளுக்குமே முகம் சரியில்லை.

தோற்றவளைத் தேடிக்கொண்டு மாடிக்குப் போனேன். வராந்தாவில் தனியாக நின்று விரல் மையை எச்சில் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல், “போகட்டும்மா. உன்னை நினைச்சுப் போட்டது கொஞ்சம் பேர்தான், ஆனா அது நெஜமான ஓட்டு. அதுல உன்னோடதும் ஒண்ணு” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். “லேது மேம்.” இல்லையாம். “நானும் புத்தகத்துக்குத்தான் போட்டேன்” என்று தெலுங்கில் சொன்னாள்.

“உனக்கு நீயே போட்டுக்கலையா? ஏன்?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் பாடத்தை நானே மறந்துவிட்டேனா என்று பார்க்கிற பார்வை. நான் திண்டாடுவதைப் பார்த்து, எனக்குப் புரியட்டும் என்றுதானோ என்னவோ, தமிழில் சொன்னாள்.

“நீங்கதானே மேம் சொன்னீங்க, ஓட்டை வேஸ்ட் பண்ணக் கூடாதுன்னு.”

பாத்ரூம் பக்கமிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் கதவைப் பிடிக்க ஓடினாள்.