நண்பன் எடுத்துத் தந்த செஸ் புத்தகம்

தொம்மலூர் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரன்தான் எனக்குச் செஸ் கூட்டாளி. ஆட்டத்தில் எனக்குத் திடீர்த் தாக்குதல் நன்றாக வரும். காய்களைப் பொறுமையாக நல்ல இடத்தில் நிறுத்தத்தான் தெரியாது. அதற்கொரு புத்தகம் தேடி அவனையும் கூட்டிக்கொண்டு பழைய புத்தகக் கடைக்குப் போனேன். சிப்பாய்களின் அமைப்பைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை எடுத்தேன். அவன் அதை என் கையிலிருந்து வாங்கித் திரும்ப அலமாரியில் வைத்தான்.

“இது ரொம்பப் பழசு மச்சா, வேஸ்ட்டு. இதைப் படி,” என்று தாக்குதல் புதிர்கள் கொண்ட புத்தகத்தைக் கையில் திணித்தான். நம்பி வாங்கினேன்.

அலுவலகப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் எனக்கு எதிராக ஆடிய அவன் அவசரமே படவில்லை. என் பலவீனமான சிப்பாயின் முன்னால் குதிரையை நிறுத்திவிட்டு, மெல்ல மெல்ல என் காய்களை நகரவிடாமல் செய்தான். தோற்றேன். தண்ணீர் பாட்டிலை எடுக்க அவன் தன் பையைத் திறந்தபோது அந்தத் தடித்த புத்தகம் உள்ளே தெரிந்தது. எடுத்துப் புரட்டினேன். பக்கமெல்லாம் பென்சில் கோடுகள்.

“வேஸ்ட்டுன்னு சொன்னியேடா?”

“ஃபைனலுக்கு நீதான் வருவேன்னு தெரியும் மச்சா. அதான்,” என்று சிரித்தான்.

தோற்றது சீக்கிரமே மறந்துவிட்டது. கேட்டிருந்தால் அந்தப் புத்தகத்தை வாங்கி முதலில் அவனிடமே படிக்கக் கொடுத்திருப்பேன். அதுதான் இன்னும் ஆறவில்லை. இப்போதும் காபிக்குக் கூப்பிடுகிறான், போகிறேன். அவன் செஸ் பலகையை விரித்தால் மட்டும் வேலை இருக்கிறது என்று எழுந்துவிடுகிறேன்.