பாசிக்காட்டுக்குப் போன நாள்

“ஒரு நாளைக்கு என்னை மேல கூட்டிட்டுப் போறியாம்மா?” என்று அத்தை கேட்டபோது அவர் கையில் மாமாவுக்கான கஞ்சிக் கிண்ணம் இருந்தது. அத்தை என் மாமியார். கேமரன் மலையில், கம்போங் ராஜாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில் நாங்கள் மூவரும் இருந்தோம். என் கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. தேயிலை லோரி ஓட்டிக்கொண்டிருந்த மாமா வாதம் வந்து விழுந்ததிலிருந்து அத்தை தோட்டத்தை விட்டு வெளியே போனதில்லை. புரட்டிப் படுக்கவைக்க, தண்ணீர் புகட்ட, எல்லாவற்றுக்கும் மாமாவுக்கு அவர்தான் வேண்டும். நான் தொட்டால் மாமா முகத்தைத் திருப்பிக்கொள்வார். மலையுச்சியில் பாசி படர்ந்த காடு இருக்கிறதென்று அத்தை கேள்விப்பட்டதோடு சரி.

பக்கத்து வீட்டக்கா மத்தியானம் வரை மாமாவைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அதற்குப் பிறகு அவருக்குத் தொழிற்சாலையில் வேலை. விடிந்ததும் என் மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். திரிங்காப்பின் காய்கறித் தோட்டங்களைத் தாண்டும் வரை அத்தை என் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தார். காட்டுப்பாதை ஏறத் தொடங்கியதும் பிடி தளர்ந்தது. உச்சியில் மரங்களெல்லாம் ஈரக் கம்பளி போர்த்தியவை போல நின்றன. அத்தை ஒரு கிளைமேல் உள்ளங்கையை வைத்தவர் எடுக்கவேயில்லை. பனி சட்டென்று விலகியபோது கீழே மலை மலையாகப் பச்சை. “இதுல நம்ம தோட்டம் எதும்மா?” என்றார். எனக்கும் தெரியவில்லை. “தெரியலையா? நல்லதுலா,” என்று சிரித்தார்.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. திரிங்காப் தாண்டி ஒரு வளைவில் மண் சரிந்து சாலையை மூடிக் கிடந்தது. பின்னாலும் சரிந்துவிட்டதென்று ஒரு லோரிக்காரர் வந்து சொன்னார். கைபேசியில் சிக்னல் இல்லை. மத்தியானம் கடந்துவிட்டது, வீட்டில் மாமா தனியே. அத்தை செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மண்ணில் இறங்கினார். முழங்கால் வரை புதைந்தது. நானும் லோரிக்காரரும் சேர்ந்து இழுத்துப் போட்டோம்.

“உசுரு மேல ஆசையில்லையாம்மா? மேலேர்ந்து இன்னும் வரும்லா!” என்று லோரிக்காரர் கத்தினார்.

அத்தை லோரிச் சக்கரத்தின் ஓரமாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு என் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னார்: “இப்படியே அடைஞ்சு கிடந்தாலும் பரவால்லன்னு இருக்கும்மா. இங்க யாரும் என்னைக் கூப்பிடல.” சொன்ன வேகத்தில் வாயைப் பொத்திக்கொண்டார். “அங்க அவரு தண்ணிக்குத் தவிச்சுக்கிட்டு இருப்பாரு. நான் என்ன பேசுறேன் பாரு.” அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், அது சில்லிட்டிருந்தது.

இருட்டுவதற்குச் சற்று முன்புதான் மண்வாரி இயந்திரம் ஒரு மோட்டார் போகுமளவுக்கு வழி செய்தது. மாமா நனைந்த படுக்கையில் கதவைப் பார்த்தபடி கிடந்தார். அத்தை தண்ணீர் புகட்டி, உடம்பைத் துடைத்து, துணி மாற்றினார். மாமா கத்தப்போகிறார் என்று நான் சுவரோரம் நின்றிருந்தேன். அவர் குழறிக் குழறிக் கேட்டது ஒன்றுதான்: “மேல... எப்படி... இருந்துச்சு?”

அத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. “பனிதாங்க. ஒண்ணும் தெரியல.”

மாமா போய் ஒரு வருடமாகிறது. போன வாரம், வெயிலடித்த ஒரு காலையில் மோட்டாரை வாசலில் நிறுத்தி, “வாங்க அத்தை, மேல போலாம்,” என்றேன். அவர் கதவு வரைக்கும் வந்தார்.

“போயிட்டு வந்தா எப்படி இருந்துச்சுன்னு கேக்க யாரும்மா இருக்கா?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மோட்டார் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு நான் அணைத்தேன்.